சொடக்குத் திராட்சை

சிவிதாலே நகரில் ஒரு சிறிய உணவகம். மேசையைச் சுற்றி நான்கு பேர். கோப்பையில் ஊற்றிய கருஞ்சிவப்பு ஒயினை முகர்ந்த மூன்று பேரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் "பேப்பே" என்றார்கள். இத்தாலிய மொழியில் மிளகு. நானும் முகர்ந்தேன். நாவற்பழத்தின் சாயல் ஒன்று வந்தது. மழையில் நனைந்த விறகின் சாயல் ஒன்று வந்தது. மிளகு வரவில்லை. கோப்பையைச் சுழற்றி மறுபடி முகர்ந்தேன். அப்போதும் வரவில்லை.

"மிளகு விளையும் நாட்டிலிருந்து வந்தவர் நீங்கள். உங்களுக்குத்தானே முதலில் தெரிய வேண்டும்?" என்று கேட்டார் என்னுடன் பணிபுரிந்த, பக்கத்து உதினே நகரத்துக்காரர். அவர் உண்மையாகவே வியந்து கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியின் பின்னால் போனதில் நான் கற்றுக்கொண்டவைதான் இந்தப் பதிவு.

அந்த ஒயினின் பெயரும் அது பிறக்கும் திராட்சையின் பெயரும் ஒன்றே: ஸ்கியொப்பெத்தினோ. வடகிழக்கு இத்தாலியில், ஸ்லொவேனிய எல்லையை ஒட்டிய ஃப்ரியூலி மலையடிவாரத்தில் பிறந்த வகை. இத்தாலியில் திராட்சை வகைகளுக்குப் பஞ்சமே இல்லை, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் இது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஏறத்தாழ மறைந்துபோன ஒன்று.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வளர்ந்தவன். கவாத்து, மருந்தடிப்பு, கொத்து வெட்டுதல் எல்லாம் பள்ளிக்கூடப் பாடத்துக்கு முன்னாலேயே தெரியும். த்ரியெஸ்தே நகரில் மூன்று மாத ஆய்வுப் பணிக்காகத் தங்கியிருந்தபோது, விடுமுறை நாள்களில் அருங்காட்சியகங்களுக்குப் போக வேண்டிய நேரத்தை எல்லாம் திராட்சைத் தோட்டங்களுக்குக் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். இத்தாலிய மொழியில் வெடித்தல், சடசடத்தல் என்னும் பொருள் தரும் சொற்களோடு உறவுடையது ஸ்கியொப்பெத்தினோ. எல்லைக்கு அப்பால் ஸ்லொவேனியர் இதைப் பொகால்த்சா என்கிறார்கள். அவர்கள் மொழியிலும் அது வெடிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. எது வெடித்தது என்பதில்தான் இரண்டு கருத்துகள். தடித்த தோலுடைய பழம் பல்லுக்கிடையில் பட்டென்று உடைவதைச் சொல்வோர் ஒருபுறம். பழைய முறையில் செய்த ஒயின் புட்டியில் மறுபடி நொதித்து, நாக்கில் குமிழியிட்டதைச் சொல்வோர் மறுபுறம். எனக்கு முதல் விளக்கம்தான் பிடித்திருக்கிறது. நம் வயல் வரப்பில் சொடக்குத் தக்காளி இருக்கிறதே, அதற்குப் பெயர் எப்படி வந்தது? காயை நெற்றியில் அடித்துச் சத்தம் கேட்ட பிள்ளைகள் வைத்த பெயர் அது. இரண்டு மொழிக்காரர்கள் ஒரு பழத்துக்கு ஒலியை வைத்தே பெயரிட்டிருந்தால், அதைத் தோட்டத்திலேயே வாயில் போட்டுப் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இதற்கு ரிபொல்லா நேரா, அதாவது கறுப்பு ரிபொல்லா, என்று இன்னொரு பெயரும் உண்டு. அதே வட்டாரத்தில் பெயர்பெற்ற மஞ்சள் ரிபொல்லாவுக்கும் இதற்கும் உறவில்லை என்று மரபணுச் சோதனைகள் காட்டிவிட்டன. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தத் திராட்சையின் சொந்த ஊர் ப்ரேபொத்தோ. சிவிதாலேயிலிருந்து தென்கிழக்கே சில கிலோமீட்டர். ஊருக்குப் பக்கத்தில் யூத்ரியோ என்ற ஓடை ஓடுகிறது. கோடையில் பார்த்தால் கூழாங்கல் தெரியும் சிற்றாறுதான். ஆனால் 1866 முதல் 1915 வரை அதுதான் இத்தாலிக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கும் எல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் யூகோஸ்லாவியாவின் எல்லையும் பக்கத்திலேயே வந்து நின்றது. படைகள் மாறின, கொடிகள் மாறின, ஆட்சி மொழிகள் மாறின. ஃப்ரியூலி மொழியும் ஸ்லொவேனிய மொழியும் இத்தாலிய மொழியும் கலந்து பேசும் அந்தச் சரிவுகளில் திராட்சைக்கும் மூன்று பெயர்கள் இருப்பதில் வியப்பில்லை.

அங்கே ஒரு சொல்லைக் கற்றேன்: ரோங்கோ. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கிய மலைச்சரிவு. பன்மையில் ரோங்கி. நம் பழைய சொல் புனம் என்பது இதற்கு எவ்வளவு பொருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். தினைப்புனம் என்றால் நமக்குக் கண்முன் வருவது போன்ற இடம்தான். தினைக்குப் பதில் கொடி. மண்ணுக்கும் ஒரு சொந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள்: பொன்கா. களிச்சுண்ணக் கல்லும் மணற்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்த பாறை. கையில் எடுத்து நெரித்தால் பொடியாகும். மழையிலும் பனியிலும் தானே உதிர்ந்து மண்ணாகிவிடும். எங்கள் ஊர்ச் செம்மண்ணைப் பார்த்த கண்ணுக்கு இந்தச் சாம்பல் மஞ்சள் நிறம் முதலில் சத்தில்லாததாகத்தான் தெரிந்தது. சத்துக் குறைவுதான். ஆனால் நல்ல ஒயின் வேண்டுமென்றால் கொடி கொழுத்து வளரக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. பழமாக விற்கும் எங்கள் கணக்கு வேறு. எங்களுக்குக் கொத்தின் எடை முக்கியம்.

அப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "பந்தலா, கம்பியா?" கம்பிதான் என்றேன். இரண்டாவது, "வருஷத்துக்கு எத்தனை அறுவடை?" ஒன்றுதான், குளிர்காலம் முழுக்கக் கொடி தூங்கும் என்றேன். எங்கள் பள்ளத்தாக்கில் கவாத்துச் செய்யும் நாளைப் பொறுத்து ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் பழம் இருக்கும். ஒரே ஒரு அறுவடை, அதுவும் மழை கெடுத்தால் அடுத்த ஆண்டுதான் என்பதைக் கேட்டு அவர் சற்று நேரம் பேசவில்லை. "அப்படியென்றால் அவர்கள் பொறுமைசாலிகள்" என்றார்.

பொறுமை தேவைப்படும் கொடிதான் இது. பூத்த பூவெல்லாம் காய்ப்பிடிப்பதில்லை. பூக்கும் நேரத்தில் குளிரும் மழையும் வந்தால் கொத்து ஓட்டை விழுந்து நிற்கும். சாம்பல் நோய் எளிதில் பற்றும். பழுப்பதோ தாமதம். அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்; அதற்குள் இலையுதிர்கால மழை வந்துவிடும். ஒரு குடியானவனுக்குப் பிடிக்காத குணங்கள் எல்லாம் இதனிடம் இருக்கின்றன.

இதன் பழைமைக்குச் சான்றாக 1282-ஆம் ஆண்டு நடந்த ஒரு திருமணக் கொண்டாட்டத்தைச் சொல்வது ப்ரேபொத்தோ வட்டார வழக்கம். அந்த விருந்தில் இந்த ஒயின் பரிமாறப்பட்டது என்பது அவர்கள் பெருமை. எழுநூறு ஆண்டு என்பது பெரிய காலம். ஆனால் அந்த எழுநூறு ஆண்டையும் ஒரு நூற்றாண்டுக்குள் அழிக்க முடிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பேன் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்து, கண்டம் முழுவதும் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்றது. அமெரிக்கக் கொடியின் வேர்மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதுதான் அதற்குக் கிடைத்த தீர்வு. தோட்டத்தை அடியோடு பிடுங்கி மறுபடி நட வேண்டிய நிலை. புதிதாக நடும்போது எதை நடுவது? பிரான்சிலிருந்து வந்த மெர்லோவும் காபெர்னேயும் சீக்கிரம் பழுத்தன, ஒழுங்காகக் காய்த்தன, சந்தையில் பெயரும் இருந்தது. பிடிவாதமான உள்ளூர்க் கொடியை யார் நடுவார்கள்? அடுத்து வந்தது முதல் உலகப் போர். யூத்ரியோவுக்குக் கிழக்கே ஈசொன்சோ ஆற்றங்கரைதான் போர்முனை. இரண்டாம் போருக்குப் பின் மலைச்சரிவுகளில் ஆள் குறைந்தார்கள். சிலர் வெளிநாடு போனார்கள். சிலர் சமவெளித் தொழிற்சாலைகளுக்கு இறங்கினார்கள். பக்கத்திலுள்ள மன்சானோ வட்டாரம் நாற்காலி செய்வதில் உலகப் புகழ் பெற்றது அந்தக் காலத்தில்தான். புனங்கள் மறுபடி காடாயின.

அப்போதும் அங்கொரு கொடி, இங்கொரு கொடி என்று வீட்டோரத்திலும் மெர்லோ வரிசைகளுக்கு நடுவிலும் ஸ்கியொப்பெத்தினோ மிஞ்சியிருந்தது. வீட்டுக்கு வேண்டிய ஒயினுக்காக யாரோ வெட்டாமல் விட்ட கொடிகள்.

இங்கேதான் எனக்கு மனம் கனத்தது. 1970-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், எந்தப் பகுதியில் எந்தத் திராட்சையை நடலாம் என்று வகைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டது. தரத்தைக் காக்கவும் அளவுக்கு மீறிய உற்பத்தியைத் தடுக்கவும் செய்த ஏற்பாடு. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஸ்கியொப்பெத்தினோ அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாததை நடக் கூடாது. மீறினால் அபராதம். எழுநூறு ஆண்டாக ஒரு மண்ணில் இருந்த செடி, அதே மண்ணில் நடத் தகாத செடியாகிவிட்டது.

அதே 1970-இல்தான் பாவொலோ ரபூத்சி, தீனா ரபூத்சி என்ற கணவனும் மனைவியும் ப்ரேபொத்தோவை அடுத்த சியாலா என்ற சிறு பள்ளத்தாக்கில் கைவிடப்பட்டுக் கிடந்த நிலத்தை வாங்கிக் குடியேறினார்கள். வட்டாரத்துக்கே உரிய வகைகளை மட்டும் நடுவது என்பது அவர்கள் முடிவு. ஊர்ப் பெரியவர்கள் நினைவிலிருந்து சொன்ன ஒரு கறுப்புத் திராட்சை அவர்களை விடவில்லை. தேடத் தொடங்கினார்கள். எல்லையின் இருபுறமும் தோட்டம் தோட்டமாக, வீடு வீடாக. ப்ரேபொத்தோவின் அன்றைய மேயர் துணை நின்றார். கிடைத்தவை நூற்றுக்கும் குறைவான கொடிகள். அவற்றிலிருந்து போத்து வெட்டி, ஒட்டுக்கட்டி, ஆயிரக்கணக்கில் பெருக்கிச் சரிவு முழுக்க நட்டார்கள்.

திராட்சை வளர்த்தவர்களுக்கு இதன் பாரம் புரியும். மற்றவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். திராட்சை விதையைப் போட்டால் முளைப்பது பிள்ளை, தாய் அன்று. மாங்கொட்டையை நட்டால் அதே மாம்பழம் வராது என்பது போல. ஒரு வகை அப்படியே தொடர வேண்டுமானால் முருங்கைப் போத்து நடுவதுபோலக் குச்சியை வெட்டித்தான் நட வேண்டும். அல்லது ஒட்டுக்கட்ட வேண்டும். ஆகையால் இன்று உலகில் உள்ள ஒவ்வொரு ஸ்கியொப்பெத்தினோக் கொடியும், என்றோ முளைத்த ஒரே ஒரு விதையிலிருந்து வந்த ஒரே கொடியின் நீட்சி. கை மாறிக் கை மாறி, கத்தி மாறிக் கத்தி மாறி வந்தது. கடைசிக் கொடியும் பட்டுப்போயிருந்தால் விதை வங்கியால் அதை மீட்டிருக்க முடியாது. சியாலாவில் அவர்கள் வெட்டிய ஒவ்வொரு குச்சியும் அந்தத் தொடர்ச்சியின் கணு.

சட்டம் சட்டமாகவே இருந்தது. நட்டது குற்றம்தான். அந்த நேரத்தில் கைகொடுத்தவர்கள் பெனித்தோ நொனீனோ, ஜான்னோலா நொனீனோ. ஒயின் பிழிந்து மிஞ்சும் திராட்சைச் சக்கையை வடித்துக் கிராப்பா என்னும் மதுவைச் செய்யும் குடும்பம். எல்லாச் சக்கையையும் ஒன்றாகக் கொட்டி வடிப்பதுதான் வழக்கமாக இருந்தது. 1973-இல் இவர்கள் பிகொலித் என்ற ஒரே வகைத் திராட்சையின் சக்கையை மட்டும் தனியே வடித்துக் காட்டியிருந்தார்கள். அடுத்து ஸ்கியொப்பெத்தினோ, பிஞ்ஞோலோ, தத்செலெங்கே ஆகியவற்றின் சக்கையைத் தேடியபோதுதான் அந்தக் கொடிகள் மறைந்துவருவதையும் நடுவதற்கே தடை இருப்பதையும் உணர்ந்தார்கள். (தத்செலெங்கே என்ற பெயருக்கு ஃப்ரியூலி மொழியில் நாக்கை வெட்டுவது என்று பொருள். அந்தத் துவர்ப்பை நான் ஒருமுறை அறிந்திருக்கிறேன்.) 1975 நவம்பர் 29 அன்று ஒரு பரிசை நிறுவினார்கள். பெயர் ரிசித் தௌர். ஃப்ரியூலி மொழியில் பொற்போத்து என்று சொல்லலாம். இந்த வகைகளை நட்டுக் காப்பவர்களுக்கான பரிசு. கூடவே அதிகாரிகளின் கதவைத் தட்டும் வேலையும் அதற்கு இருந்தது.

அரசு நட வேண்டாம் என்ற கொடியை நட்டவர்களுக்கு ஊரறியப் பரிசு கொடுப்பது! 1976-இல் வழங்கப்பட்ட முதல் ரிசித் தௌர் ரபூத்சி தம்பதிக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு மே 6 அன்று ஃப்ரியூலியை ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டார்கள், ஊர்கள் இடிந்தன. அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு திராட்சைக் கொடியைப் பற்றியும் கவலைப்பட அந்த மக்களுக்கு மனம் இருந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். 1977 அறுவடையில் சியாலாவின் முதல் ஸ்கியொப்பெத்தினோ ஒயின் பிறந்தது. 1978-இல் நடுவதற்கு அனுமதி வந்தது. வரிசையைக் கவனியுங்கள்: பழம் முதலில், அனுமதி பிறகு.

இன்று ப்ரேபொத்தோவில் பல குடும்பங்கள் இதை வளர்க்கின்றன. ஊர்ப் பெயரோடு சேர்த்து விற்கும் தனி உரிமையும் அந்த ஒயினுக்குக் கிடைத்திருக்கிறது. பரப்பு இன்னும் சிறியதுதான். மெர்லோவுக்கு முன் தூசு. அது சிறியதாகவே இருந்தாலும் எனக்குக் குறையில்லை.

இனி மிளகுக்கு வருகிறேன்.

சில சிவப்பு ஒயின்களில் மிளகு மணப்பது ஏன் என்பது நெடுங்காலப் புதிர். 2008-இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஷிராஸ் திராட்சையில் அதற்குரிய பொருளைக் கண்டுபிடித்தார்கள்: ரோட்டண்டோன். மிளகுக்கு அதன் மணத்தைத் தருவதிலும் இதே பொருளுக்குப் பெரும்பங்கு என்பதும் அப்போதுதான் தெளிவானது. ஆக, "பேப்பே" என்று அந்த மேசையில் சொன்னவர்கள் உவமை சொல்லவில்லை. மிளகில் உள்ள அதே மூலக்கூறு அந்தக் கோப்பையில் இருந்தது. 2011-இல் வட இத்தாலியின் எட்மண்ட் மாக் அறக்கட்டளை ஆய்வாளர்கள் ஸ்கியொப்பெத்தினோவிலும் வெஸ்பொலினா என்ற மற்றோர் அரிய வகையிலும் இதை அளந்து காட்டினார்கள். பழத்தின் தோலில்தான் இது சேர்கிறது. குளிர்ந்த, ஈரமான ஆண்டுகளில் கூடுதலாகவும், வெயில் நேராகக் கொத்தில் படும் இடங்களில் குறைவாகவும் இருக்கும். தாமதமாகப் பழுப்பதும் மலையடிவாரக் குளிரும் குடியானவனுக்குத் தொல்லை என்றேன் அல்லவா, மிளகு வருவதற்கு அவைதான் வழி.

இதன் வலிமையை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தால் போதும், மூக்கு உணர்ந்துகொள்ளும். கணக்குப் போட்டேன். ஒரே ஒரு கிராம் ரோட்டண்டோன் ஆறேகால் கோடி லிட்டர் ஒயினுக்கு மிளகு மணம் ஊட்டும். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் என்றால் ஐயாயிரத்துக்கும் மேல்.

அதே 2008 ஆய்வில்தான் என் கேள்விக்கும் விடை இருந்தது. முகர்ந்து பார்த்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அளவை நூற்றுக்கணக்கான மடங்கு கூட்டியபோதும், இந்தப் பொருள் தெரியவே இல்லை. மூக்கில் நோய் எதுவும் இல்லை. இந்த ஒரு மணத்துக்கு மட்டும் கதவு திறப்பதில்லை. ஐந்தில் ஒருவர். அந்த மேசையில் நான்கு பேர் இருந்தோம்.

படித்துவிட்டு நெடுநேரம் அம்மாவின் மிளகு ரசத்தைப் பற்றியே யோசித்தேன். மிளகின் காரம் எனக்குத் தெரியும். அதன் மற்ற மணப்பொருள்களும் தெரியும். அம்மியில் மிளகு நசுங்கும்போது எழும் வாசனையை நான் அறியாதவன் அல்லன். ஆனால் அப்பாவும் அக்காவும் முகர்ந்த மிளகும் நான் முகர்ந்த மிளகும் ஒன்றாக இருந்திருக்காது. நாற்பது ஆண்டு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் தெரியாத இந்தச் செய்தியை ஒரு ஃப்ரியூலித் திராட்சை சொல்லித்தந்தது.

ரோட்டண்டோன் என்ற பெயரின் பின்னாலும் போனேன். அந்தப் பொருளை முதலில் பிரித்தெடுத்தது மிளகிலிருந்து இல்லை, திராட்சையிலிருந்தும் இல்லை. சைபெரஸ் ரொட்டுண்டஸ் என்ற புல்லின் கிழங்கிலிருந்து. அதாவது நம் கோரை.

ஊர் திரும்பிய முதல் வாரம் அப்பாவிடம் சொன்னேன். கோரைக்கும் அவருக்கும் உள்ள பகை என் வயதைவிடப் பழையது. பந்தலுக்கு அடியில் எத்தனை முறை கொத்தினாலும் மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகத் தொடர்ந்து, அடுத்த தண்ணீரில் மறுபடி பச்சை காட்டும் களை. முழுக்கதையையும் கேட்டார்: எல்லை ஓடை, பட்டியல், நூற்றுக்கும் குறைவான கொடிகள், பரிசு, மிளகு. எதுவும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு அடியில் போனார். ஒரு கோரையைக் கிழங்கோடு பெயர்த்து, மண்ணைத் தட்டி, கல்லின் மேல் வைத்து நசுக்கி, முதலில் தாம் முகர்ந்தார்.

"குளியல் பொடி வாசம். அதற்குள்ளே காரமாக ஒன்று இருக்கிறது" என்றார்.

என் மூக்கருகே நீட்டினார். மண் வாசனை வந்தது. பச்சை வாசனை வந்தது.

"தெரிகிறதா தம்பி?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் இன்னொரு கிழங்கைத் தேடிப் பெயர்க்கத் தொடங்கினார்.